பொறியியல் டிப்ளோமாவுக்கு ஒரு கல்குலேற்றர்: கசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ்

உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் எடுத்த பிள்ளை, கல்குலேற்றரைத் தொடாமலே பரீட்சையை முடித்துவிட்டு வருகிறது. வினாத்தாளே அதை அனுமதிப்பதில்லை. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று தந்துவிடுவார்கள். எண்களும் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும்படி அமைந்திருக்கும். டிப்ளோமா வகுப்பில் முதல் வாரத்திலேயே 9.81 வந்துவிடும். கூடவே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 127 பாகை 15 கலை 40 விகலை என்று வெட்டுப்படாத எண்களாக வரத் தொடங்கும். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ தேசிய தொழிற்றகைமை 5ஆம், 6ஆம் மட்டப் பொறியியல் பாடங்களைத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் விஞ்ஞானக் கல்குலேற்றர். அதனால்தான் இந்த ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மின், இயந்திரம், கட்டடம், நிலஅளவை என்று எந்தப் பிரிவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 991ஈஎஸ் பிளஸ் போதும். இதைவிடக் குறைந்தது மின் பிரிவுக்குப் போதாது. இதைவிடக் கூடியது நல்லதுதான், ஆனால் அவசியமில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசை அங்கே போடுவதைவிட ஒரு நல்ல மல்டிமீற்றருக்குப் போடலாம். விலையை இங்கே எழுதவில்லை. டொலரோடு ஏறி இறங்குவதால் இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பிழையாகிவிடும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, முன்பு யார் என்ன மாற்றி வைத்திருந்தாலும் அதை அழிப்பது. ஷிப்ட், 9, 3, சமன், பிறகு ஏசி. எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். கோணம் பாகைக்கு வரும். திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக ‘டி’ என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் பாகை. ‘ஆர்’ தெரிந்தால் ஆரையன். இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் விடுவதால் போகும் புள்ளிகள் கொஞ்சமல்ல. சைன் 30 என்று அடித்து அரை வராமல் −0.988 வந்தால் கருவியில் பழுதில்லை, ஆரையனில் நிற்கிறது. ஷிப்ட், மோட், 3 என்றால் பாகைக்கு வரும். 4 என்றால் ஆரையன். சைன், கொசைன் உள்ள வகையிடல், தொகையிடல் போன்றவற்றுக்கு மட்டும் ஆரையனுக்கு மாற்றுங்கள், முடிந்த கையோடு திருப்பிப் போடுங்கள். பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு வினாவைத் தொடங்கும்போதும் ஒரு தடவை சைன் 30 அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

விடை பின்னமாகவோ மூலக்குறியோடோ வந்து நிற்பது புதியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எஸ்–டி சாவியை அமத்தினால் தசமமாகும். சமனுக்குப் பதிலாக ஷிப்ட், சமன் என்று அடித்தால் நேரடியாகவே தசமத்தில் வரும். ஷிப்ட், மோட், 6, பிறகு 3 என்று போட்டால் எல்லாம் மூன்று தசமதானத்தில் நிற்கும். அது காட்டும் விதம் மட்டுந்தான். உள்ளே முழு எண்ணையே வைத்திருக்கும். ஆகவே இடைவிடையைத் தாளில் பார்த்துத் திருப்பி அடிக்காமல் ஆன்ஸ் சாவியாலோ ஏ, பி, சி நினைவகத்தாலோ எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் மூன்று தடவை சுருக்கிவிட்டுக் கடைசி விடை ஏன் உதைக்கிறது என்று தேடுவது வீண் வேலை. ஈஎன்ஜி சாவியை ஒவ்வொரு பிள்ளையும் பழக வேண்டும். 0.000047 என்பதை அது 47 பெருக்கல் பத்தின் −6ஆம் அடுக்காகக் காட்டும். அதைப் பார்த்தவுடன் 47 மைக்ரோ பரட் என்று எழுதிவிடலாம்.

இனி, அதிகமானோர் விழும் குழி. 50 ஹேர்ட்ஸில் 100 மைக்ரோ பரட் கொள்ளளவியின் தடையளவு, ஒன்றை இரண்டு பை பெருக்கல் அதிர்வெண் பெருக்கல் கொள்ளளவால் பிரித்தது. சரியான விடை 31.83 ஓம். இதை 1÷2×பை×50×100×பத்தின் −6ஆம் அடுக்கு என்று நேராக அடித்தால் 0.00785 வரும். ஏனெனில் பிரித்தலும் பெருக்கலும் சம தரம். இடமிருந்து வலமாக நடக்கும். பிரிக்க வேண்டிய பையும் 50ம் 100ம் மேலே போய்ப் பெருகிவிட்டன. கீழே உள்ள முழுவதையும் அடைப்புக்குள் போடுங்கள், அல்லது பின்ன வடிவச் சாவியைப் பயன்படுத்துங்கள்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பெருக்கல் குறி போடாமல் ஒட்டி எழுதினால் இந்தக் கருவி அந்தப் பெருக்கலைப் பிரித்தலுக்கு முன்பே செய்யும். 1÷2பை என்று ஒட்டி அடித்தால் இரண்டு பை முழுவதாலும் பிரிக்கும். குறி போட்டால் பிரிக்காது. உங்கள் கையில் இருக்கும் கருவி எப்படி நடக்கிறது என்று அறிய 6÷2(1+2) என்று அடித்துப் பாருங்கள். ஈஎஸ் பிளஸ் 1 என்று சொல்லும். 9 என்று சொல்லும் கருவி வேறு ஒழுங்கைப் பின்பற்றுகிறது. இரவல் கல்குலேற்றரோடு மண்டபத்துக்குப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். −2 இன் வர்க்கமும் இப்படித்தான்: அடைப்பு இல்லாவிட்டால் −4 வரும்.

இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதற்கான உண்மையான காரணம் மோட் 2, அதாவது சிக்கலெண் (மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்). ஆடலோட்டச் சுற்று படிக்கிற எவருக்கும் இது கண் திறந்த மாதிரி இருக்கும். 30 ஓம் தடையும் 0.1 ஹென்றித் தூண்டியும் தொடராக 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் வழங்கலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தூண்டியின் பங்கு 31.416 ஓம். மோட் 2க்குப் போய் ‘30+31.416ஐ’ என்று அடியுங்கள்; ‘ஐ’ என்ற கற்பனை அலகுக்குரிய எழுத்து ஈஎன்ஜி சாவியிலேயே இருக்கிறது. பிறகு ஷிப்ட், 2, 3, சமன். 43.44∠46.32 என்று வரும், அதாவது அளவு 43.44 ஓம், கோணம் 46.32 பாகை. 230 வோல்ட்டை அதனால் பிரித்தால் மின்னோட்டம் 5.295∠−46.32, அதாவது வோல்ற்றளவுக்கு 46.32 பாகை பிந்துகிறது. எப்போதும் கோண வடிவிலேயே விடை வேண்டுமென்றால் ஷிப்ட், மோட், கீழ் அம்புக்குறி, 3, 2 என்று ஒரு தடவை வைத்துவிடுங்கள். கோணக் குறியை அடிக்க ஷிப்டோடு, அடைப்புக்குள் கழித்தல் குறி உள்ள சாவி.

இதே சுமைக்குச் சமாந்தரமாக மேலே சொன்ன 100 மைக்ரோ பரட் கொள்ளளவியைப் போடுங்கள். அதன் மின்னோட்டம் 230 வோல்ட்டை ‘−31.83ஐ’ ஆல் பிரித்தது, அதாவது 7.226∠90. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 3.657+3.396ஐ வருகிறது. கற்பனைப் பகுதி நேர்க்குறி, ஆக மின்னோட்டம் முந்துகிறது! திறன் காரணியை (மின்னோட்டம் வோல்ற்றளவோடு எவ்வளவு ஒத்துப் போகிறது என்பதை) திருத்தப் போய் மறுபக்கம் தாண்டிவிட்டோம். அதைச் சரியாக ஒன்றாக்க வேண்டிய கொள்ளளவு கிட்டத்தட்ட 53 மைக்ரோ பரட்தான். இதைக் கையால் முக்கோணம் கீறிச் செய்தால் ஒரு பக்கம் பிடிக்கும். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இன்னொரு பக்கம். கருவியில் ஒரு குறியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ‘பெரிய கொள்ளளவி போட்டால் நல்லது’ என்ற தப்பெண்ணத்தை இந்த ஒரு கணக்கே உடைத்துவிடும்.

திறனைக் கணிக்கும்போது ஒரு கவனம். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் நேரே பெருக்கக் கூடாது. மின்னோட்டத்தின் உடன்புணரியால், அதாவது கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றிய எண்ணால், பெருக்க வேண்டும். ஷிப்ட், 2, 2 அதைத் தரும். முதல் சுமைக்கு 841+880.7ஐ வரும்: 841 வாற்று உண்மைத் திறன், 880.7 மறுதாக்கத் திறன். உடன்புணரியை மறந்தால் 841 மாறாது, 880.7 மட்டும் எதிர்க்குறியோடு வந்து நிற்கும். உண்மைத் திறன் சரியாக இருப்பதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. பிந்தும் சுமையை முந்தும் சுமை என்று எழுதிவிட்டு வரும். சரிபார்க்க மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பாருங்கள்: 841 வர வேண்டும். குறியைச் சரிபார்க்க, தூண்டி உள்ள சுமையில் மறுதாக்கம் நேர்க்குறியாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிக்கலெண் முறையின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறையில் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல், வர்க்கம், கனம், தலைகீழ் இவ்வளவும் நடக்கும். சிக்கலெண்ணின் வர்க்கமூலம் கேட்டால் பிழை என்று எழுதிவிடும். மோட் 5இல் உள்ள சமன்பாட்டுத் தீர்வும் மோட் 6இல் உள்ள தாயமும் மெய்யெண்களை மட்டுமே ஏற்கும். அதனால் இரண்டு கண்ணி (மூடிய தடம்) உள்ள ஆடலோட்டச் சுற்றை நேராகப் போட முடியாது. நான்கு குணகங்களையும் ஏ, பி, சி, டி நினைவகங்களில் வைத்து, துணிகோவையை ஏடி கழித்தல் பிசி என்று நீங்களே அடிக்க வேண்டும். இரண்டு கண்ணிக்கு இது சுகமான வேலை. மூன்று கண்ணி வந்தால் கைவலிதான். நேரோட்டச் சுற்றுக்கு அந்தச் சிரமமில்லை. மோட் 5, 2 என்று போய் மூன்று சமன்பாடுகளின் பன்னிரண்டு எண்களையும் நிரப்பினால் மூன்று மின்னோட்டமும் வரிசையாக வரும். சமன்பாட்டை முதலில் ஒழுங்காக எழுதி மாறிலியை வலப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். விடையை மட்டும் எழுதினால் படிமுறைக்குரிய புள்ளி கிடைக்காது. கருவியைச் சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலஅளவைக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி ‘ரெக்’, ‘போல்’ என்ற இரண்டு சாவிகள். ‘ரெக்’ நீளத்தையும் கோணத்தையும் இரண்டு கூறுகளாக்கும்; ‘போல்’ கூறுகளை மீண்டும் நீளமும் கோணமும் ஆக்கும். ஷிப்டோடு கூட்டல் சாவி ‘போல்’. ஷிப்டோடு கழித்தல் சாவி ‘ரெக்’. ஒரு கோட்டின் நீளம் 84.36 மீற்றர், திசைகோள் 127 பாகை 15 கலை 40 விகலை என்றால், ரெக் திறந்து 84.36, காற்புள்ளி, கோணம், மூடு, சமன். முதல் விடை −51.08 வடக்குக் கூறு, இரண்டாவது 67.14 கிழக்குக் கூறு. இங்கேதான் பள்ளிக்கூடக் கணிதமும் வயல்வெளி அளவையும் வேறுபடுகின்றன. கணிதத்தில் கோணம் கிழக்கு அச்சிலிருந்து இடஞ்சுழியாக. திசைகோள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக. அதனால் கருவி ‘எக்ஸ்’ என்று காட்டுவதை வடக்கு என்றும் ‘வை’ என்று காட்டுவதைக் கிழக்கு என்றும் வாசிக்க வேண்டும். மாற்றி வாசித்தால் படம் முழுவதும் புரண்டு போகும். ஆனால் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும் மூடிய வளையத்தில் வழு பூச்சியத்துக்குக் கிட்டவே வரும், அதனால் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்காது.

திருப்பிச் செய்யும்போதும் போலுக்குள் வடக்கை முதலிலும் கிழக்கை அடுத்தும் போடுங்கள். கோணம் எதிர்க்குறியோடு வந்தால் 360ஐக் கூட்டுங்கள்: −143 என்றால் திசைகோள் 217. இந்த இரண்டு சாவிகளும் தங்கள் விடைகளை எக்ஸ், வை நினைவகங்களில் எழுதிவிடும். அங்கே நீங்கள் முன்பு எதையாவது வைத்திருந்தால் அது போய்விட்டது. ஆள்கூறுகளை ஏ, பி இல் வையுங்கள். வை நினைவகத்தை அழைத்துவிட்டுப் பாகை–கலைச் சாவியை அமத்தினால் கோணம் பாகை, கலை, விகலையாகப் பிரிந்து வரும். கையால் 60ஆல் பெருக்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

நீர்ப்பாசனம் படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. குளமும் வாய்க்காலும் வயலுமாக இருக்கும் இந்த மண்ணில், வாய்க்காலில் ஓடும் நீரைக் கணிக்கும் மானிங் சூத்திரம் தெரியாமல் கட்டடப் பிரிவை முடிக்க முடியாது. 2 மீற்றர் அகலச் செவ்வக வாய்க்கால், சீமெந்துப் பூச்சுக்கு கரடுக் குணகம் 0.015, சாய்வு ஆயிரத்துக்கு ஒன்று. செக்கனுக்கு 1 கனமீற்றர் நீர் ஓட ஆழம் எவ்வளவு? ஆழம் பரப்பிலும் இருக்கிறது, நனைசுற்றளவிலும் இருக்கிறது; தனியே பிரித்தெடுக்க முடியாது. கையால் செய்தால் ஊகித்து ஊகித்துக் கிட்டப் போக வேண்டும். கருவியில் முழுச் சமன்பாட்டையும் எக்ஸ் வைத்து எழுதி, சமன் குறிக்கு அல்ஃபா, கல்க் சாவிகளை அமத்தி, ஷிப்ட், கல்க் அடித்தால் தொடக்க ஊகம் கேட்கும். 1 என்று கொடுங்கள். 0.495 மீற்றர் வரும். 0 இலிருந்து தொடங்காதீர்கள். ஆழம் பூச்சியத்தில் ஓட்டமும் பூச்சியம், அது நல்ல தொடக்கப் புள்ளி அல்ல. சூத்திரத்தில் உள்ள மூன்றில் இரண்டு என்ற அடுக்கை அடைப்புக்குள் போடாவிட்டால் வர்க்கித்து மூன்றால் பிரித்துவிடும். விடைக்குக் கீழே இடது கழித்தல் வலது என்ற வரி பூச்சியமாகவோ மிகச் சிறிதாகவோ இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விடையை எழுதக் கூடாது. இது நியூட்டன் முறையில் தேடுகிறது, ஆகவே பல மூலம் உள்ள சமன்பாட்டில் ஊகத்துக்குக் கிட்டிய ஒன்றைத்தான் பெரும்பாலும் பிடித்துத் தரும்.

வளைவுத் திருப்ப வரைபுக்கு மோட் 7 அட்டவணை. இரு முனையிலும் எளிமையாகத் தாங்கிய 6 மீற்றர் வளையில் (பீம்) மீற்றருக்கு 10 கிலோநியூற்றன் சீரான சுமை என்றால் 30எக்ஸ் கழித்தல் 5எக்ஸ் வர்க்கம் என்று கொடுத்து 0 முதல் 6 வரை 0.5 இடைவெளியில் கேளுங்கள். 13 வரி வரும், நடுவில் 45. முப்பது வரிக்கு மேல் தராது. புள்ளிச் சுமை இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். புள்ளிவிபரம், காவி, இரும எண் முறைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒழுங்காக வேலை செய்கின்றன. மோட் மாற்றினால் முன்பு அடித்த கோவைகள் அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அண்ணா, அக்கா பாவித்த பழைய 991எம்எஸ் வீட்டில் இருந்தால்? கட்டடப் பிரிவு முதல் தவணைக்கு அது போதும். கோவை ஒரு வரியில் நீளமாகப் போகும், பின்னம் மேலும் கீழுமாகத் தெரியாது, சிக்கலெண் விடையின் இரண்டு பகுதிகளையும் சாவி அமத்தி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மின் பிரிவுக்கு அது நேரத்தைத் தின்னும். 991ஈஎக்ஸ் கிளாஸ்விஸ் என்ற அடுத்த தலைமுறை, நான்கு மாறி சமன்பாடும் நான்குக்கு நான்கு தாயமும் செய்யும், திரையும் கூர்மை, ஒட்டிய பெருக்கலுக்குத் தானே அடைப்புப் போட்டுக் காட்டுவது உண்மையில் அருமையான விடயம். இருந்தும் டிப்ளோமாப் பாடங்களில் நான்கு மாறி வருவது அரிது. அதற்கும் பிந்திய சிடபிள்யூ மாதிரியில் சாவி ஒழுங்கே மாறிவிட்டது. வகுப்பில் எல்லோரும் ஈஎஸ் வைத்திருக்க நீங்கள் மட்டும் அதை வைத்திருந்தால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுப் பழக முடியாது. 5800பி, 3650பி போன்றவை நிரலிடக்கூடியவை. நிரலிட முடியாதவை மட்டும் என்று விதியுள்ள மண்டபத்தில் அவை வாசலிலேயே நிற்கும். வாங்க முன் உங்கள் நிறுவனத்தின் பரீட்சை விதியைக் கேளுங்கள்.

போலிகள் நிறைய உலாவுகின்றன. பெட்டியும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். கடையிலேயே மூன்று நிமிடம் எடுத்துச் சோதியுங்கள்: 6÷2(1+2), சிக்கலெண் முறையில் 1÷(1+ஐ), விடை அரை கழித்தல் அரை ஐ, முப்படிச் சமன்பாட்டில் 1, −6, 11, −6 கொடுத்தால் 1, 2, 3 வர வேண்டும். சாவிகள் ஒரே அளவாக அமர்ந்து எழ வேண்டும், மூடி ஆடாமல் வழுக்கிப் பூட்ட வேண்டும். சூரியக் கலம் உண்மையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது; உள்ளே பற்றரி இருக்கும்வரை கலத்தை மறைத்தாலும் திரை ஓடும். ஆகவே எழுத்தில் உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் தரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. ஒரு கடையில் மட்டும் விலை மிகக் குறைவாக இருந்தால் அது கழிவு விலை என்று நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக வன்னி வெயில். இதன் வேலை வெப்பநிலை 0 முதல் 40 பாகை செல்சியஸ். வைகாசி, ஆனி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஆசனத்தின் கீழோ பஸ் கண்ணாடி ஓரத்திலோ வைத்தால் அதைத் தாண்டிவிடும்; திரை கறுத்துப் போகும். நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் பழக்கமாக்கினால் திரை நிரந்தரமாக மங்கும். நிலஅளவைக்குப் போகும்போது பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிரவல் புழுதி சாவி இடுக்கில் இறங்கினால் முதலில் சிக்குவது அதிகம் அமத்தும் சமன் சாவிதான். பற்றரி எல்ஆர்44 என்ற பொத்தான் வகை ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் எழுத்து வெளிறத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நேர்முனை மேலே இருக்கும்படி போட்டு, மூடிய பின் ஷிப்ட், 9, 3, சமன், ஏசி. இதைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவில் செய்யாமல் ஒரு கிழமைக்கு முன்பே செய்துவிடுங்கள். பழைய பற்றரியைக் கையில் கொண்டுபோய்க் காட்டியே புதியதை வாங்குங்கள், தடிப்பு மாறினால் உள்ளே தொடாது.